ஒற்றைக் கியர் மலை மிதிவண்டிக்குச் செயின் டென்ஷனர்: அளந்து தேர்ந்தெடுக்கும் முறை

மதுரையைச் சுற்றியுள்ள தடங்களில் கியர் வைத்த மலை மிதிவண்டியை ஓட்டுபவருக்கு, கியர்களையெல்லாம் கழற்றிவிட்டு ஒரே பற்சக்கரத்தோடு ஓட்டினால் என்ன என்ற எண்ணம் என்றாவது ஒருநாள் வந்தே தீரும். நாகமலை அடிவாரத்திலும் கீழக்குயில்குடிப் பக்கத்திலும் தடத்தின் இருபுறமும் நெருங்கி வளர்ந்த சீமைக்கருவேலக் கிளைகள் டிரெய்லியரில் (கியரை மாற்றும் பின் கை) சிக்கி அதைத் தாங்கும் ஹேங்கரை வளைத்துவிடுகின்றன. கோடையில் செம்மண் புழுதி கேபிள் உறைக்குள் புகுந்து இறுகிக்கொள்வதால், கியர் மாற வேண்டிய இடத்தில் மாறுவதில்லை. கண்மாய்க் கரைகளோ நீண்ட சமதளம். கரடுகளில் வரும் ஏற்றங்கள் செங்குத்தாக இருந்தாலும் குட்டையானவை. இத்தகைய நிலத்துக்கு நன்றாகத் தேர்ந்தெடுத்த ஒற்றைக் கியர் போதுமானது, பராமரிப்பும் குறைவு.

ஆனால் டிரெய்லியர் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்துவந்தது என்பது அதைக் கழற்றிய பிறகுதான் தெரியவரும். சங்கிலியை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது ஒரு வேலை. சங்கிலியின் கீழ்ப்பகுதி தொய்ந்து போகாமல் இழுத்துப் பிடிப்பது மற்றொன்று. முதல் வேலை இனி தேவையில்லை. இரண்டாவதை ஏற்றுக்கொள்வதற்காக வருவதுதான் டென்ஷனர். இதைக் கடையிலோ இணையத்திலோ முதலில் வாங்கிவிட்டு, பிறகு வண்டியை அதற்கேற்பத் திருத்த முயல்வது பரவலான வழக்கம். நான் வலியுறுத்துவது அதற்கு நேர்மாறான வரிசையை: சக்கர அச்சு அமரும் பிளவின் வடிவம், பற்களின் எண்ணிக்கை, அதனால் மிஞ்சும் தொய்வு, சங்கிலிக் கோடு (முன், பின் பற்சக்கரங்கள் ஒரே நேர்க்கோட்டில் அமைவது) ஆகியவற்றை அளந்து முடித்த பிறகே டென்ஷனரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியாக அளந்தால், மிகச் சிறியதும் எளியதுமான டென்ஷனரே போதும் என்று பல வண்டிகளில் தெரியவரும். சில வண்டிகளுக்கு அது தேவையே இல்லை என்றும் தெரியவரும்.

பிளவின் வடிவம்

பின்சக்கரத்தின் அச்சு ஃபிரேமில் அமரும் பிளவை முதலில் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டியிலும், வீட்டில் நிற்கும் பழைய கறுப்பு சைக்கிளிலும் அந்தப் பிளவு படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். சங்கிலி தொய்ந்தால் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் இழுத்து, மீண்டும் இறுக்கிவிடலாம். மலை மிதிவண்டித் தோற்றத்தில், கியரே இல்லாமல் கடைகளில் விற்கப்படும் பல வண்டிகளிலும் இதே அமைப்புத்தான். இவற்றுக்கு டென்ஷனர் வேண்டாம். அச்சின் இருபுறமும் மாட்டும் செயின் அட்ஜஸ்டர் ஒரு ஜோடி போதும். ஒற்றைக் கியருக்கென்றே செய்யப்பட்ட விலையுயர்ந்த ஃபிரேம்கள் சிலவற்றில் பிளவு செங்குத்தாக இருந்தாலும், அந்தப் பிளவைத் தாங்கும் உலோகத் துண்டே முன்பின்னாக நகரும், அல்லது பாட்டம் பிராக்கெட் (பெடல் கைகளின் அச்சு சுழலும் இடம்) மையம் விலகிய உருளைக்குள் அமர்ந்து சுழலும். அவற்றுக்கும் டென்ஷனர் தேவையில்லை.

கியர் வைத்து விற்கப்பட்ட மலை மிதிவண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிளவு செங்குத்தானது. அச்சு ஒரே இடத்தில்தான் அமரும், முன்னும் பின்னும் நகராது. டென்ஷனர் பற்றிய கேள்வி இந்த ஃபிரேம்களுக்கு மட்டுமே உரியது.

செங்குத்துப் பிளவை ஒரு குறையாக நினைத்து வருந்துவோர் உண்டு. நம் பகுதிக்கு அது ஒருவகையில் வசதி என்றே நான் கருதுகிறேன். நெருஞ்சி முள்ளும் கருவேல முள்ளும் கிடக்கும் தடத்தில் பஞ்சர் அடிக்கடி நேரும். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது வழக்கமான வேலையாகிவிடும். படுக்கைவாட்டுப் பிளவில் ஒவ்வொரு முறையும் சங்கிலியின் விறைப்பையும் சக்கரம் நேராக நிற்பதையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். டிஸ்க் பிரேக் இருந்தால் சக்கரம் நகரும்போது டிஸ்க்கும் நகர்ந்து, பிரேக் காலிப்பரையும் மறுபடி ஒழுங்குபடுத்த நேரிடும். செங்குத்துப் பிளவில் சக்கரம் கழற்றிய இடத்திலேயே திரும்ப வந்து அமரும். டென்ஷனர் தொய்வைப் பார்த்துக்கொள்ளும். வெயிலில், நிழலற்ற கரையில் நின்று டியூப் மாற்றுபவருக்கு இந்த வேறுபாடு பெரியது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) உள்ள வண்டியிலும், ஃப்ரீவீல் இல்லாமல் பெடலும் சக்கரமும் சேர்ந்தே சுழலும் வண்டியிலும் டென்ஷனரைப் பொருத்தவே கூடாது. முன்னோக்கி மிதிக்கும்போது இழுவிசை சங்கிலியின் மேற்பகுதியில் விழுகிறது, கீழ்ப்பகுதி ஓய்வாக இருக்கிறது. டென்ஷனர் அந்த ஓய்வான கீழ்ப்பகுதியைத் தொடுவதால்தான் தாங்குகிறது. பின்னோக்கி அழுத்தும்போது முழு விசையும் கீழ்ப்பகுதிக்கு மாறும். டென்ஷனர் வளையும் அல்லது முறியும், பிரேக்கும் பிடிக்காமல் போகும்.

தொய்வைக் கணக்கிடுதல்

டென்ஷனரின் தேர்வை உண்மையில் முடிவுசெய்வது இந்தப் பகுதிதான். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மிதிவண்டிச் சங்கிலியில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையிலான தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். உள்தகட்டுக் கண்ணியும் வெளித்தகட்டுக் கண்ணியும் மாறி மாறி வருவதால், சங்கிலியைச் சாதாரணமாக இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் இணைக்க முடியும். எனவே நீளத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது 25.4 மில்லிமீட்டர் படியாகத்தான் மாறும். செங்குத்துப் பிளவுள்ள ஃபிரேமில் அச்சின் இடம் மாறாததால், தேவையான நீளம் இரண்டு படிகளுக்கு நடுவில் எங்கோ விழுகிறது. பெரிய படியைத் தேர்ந்தெடுக்கும்போது மிஞ்சுவதுதான் தொய்வு.

அதைக் கணக்கிட, பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து பின் அச்சின் மையம்வரை உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து இரட்டிப்பாக்குங்கள். முன், பின் பற்சக்கரங்களின் பற்களைக் கூட்டி, பாதியாக்கி, 12.7 ஆல் பெருக்கி அதனோடு சேருங்கள். பிறகு இரண்டின் பற்களுக்கும் உள்ள வித்தியாசத்தை 12.7 ஆல் பெருக்கி, 6.28 ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, முதலில் அளந்த தூரத்தால் வகுத்து, அந்தச் சிறு தொகையையும் சேருங்கள். கிடைப்பது சங்கிலி விறைப்பாக இருக்கத் தேவையான நீளம். அதை 12.7 ஆல் வகுத்தால் கண்ணிகளின் எண்ணிக்கை வரும்.

எடுத்துக்காட்டாக, அந்தத் தூரம் 425 மில்லிமீட்டராக உள்ள ஒரு ஃபிரேமில் முன்னால் 32 பல், பின்னால் 16 பல் வைத்தால் தேவையான நீளம் 1157.3 மில்லிமீட்டர், அதாவது 91.1 கண்ணிகள். 92 கண்ணிகள் வைக்க வேண்டியிருப்பதால் 11 மில்லிமீட்டர் மிஞ்சும். பின்னால் 17 பல் வைத்தால் 91.6 கண்ணிகள் தேவை; அதே 92 கண்ணிச் சங்கிலியில் 5 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். 18 பல் வைத்தாலோ 92.1 தேவைப்படுவதால் 92 எட்டாது; 94-க்குப் போக வேண்டும், அப்போது 24 மில்லிமீட்டர் தொய்வு விழும். ஒரே ஒரு பல் கூடுவதால் நல்ல பொருத்தம் மோசமான பொருத்தமாகிவிடுவதை இங்கே காணலாம். உங்கள் ஃபிரேமில் எண்கள் வேறாக இருக்கும் என்பதால், மற்றொருவர் வண்டியில் நன்றாக ஓடும் பற்களின் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நீங்களே கணக்கிட வேண்டும்.

5 மில்லிமீட்டர் என்பது கேட்க அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்த உபரி நீளம், 425 மில்லிமீட்டர் நீளமுள்ள கீழ்ப்பகுதியின் நடுவில் 33 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சங்கிலியை இறங்கவிடும். ஒரே ஒரு மில்லிமீட்டர் உபரிகூட நடுவில் சுமார் 15 மில்லிமீட்டர் தொய்வைத் தரும். டென்ஷனர் இல்லாமலேயே சரியாகப் பொருந்தும் பற்களின் சேர்க்கையைத் தேடிப்பிடிப்போர் இதனால்தான் விரைவில் ஏமாற்றமடைகிறார்கள். சங்கிலி தேய்ந்து அரை விழுக்காடு நீண்டால், 92 கண்ணிச் சங்கிலியில் அது கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர். புதிதாக இருக்கும்போது அச்சொட்டாகப் பொருந்தியது, சில மாதங்களில் பாறைத் தடத்தில் கழன்று விழத் தொடங்கும்.

படியைப் பாதியாகக் குறைக்க அரைக் கண்ணி என்றொரு துண்டு கிடைக்கிறது. ஒருபுறம் உள்தகடாகவும் மறுபுறம் வெளித்தகடாகவும் வளைந்திருக்கும் இது, ஒற்றைப்படை எண்ணிக்கையிலும் சங்கிலியை இணைக்க உதவும். மேலே சொன்ன 18 பல் சேர்க்கையில் 93 கண்ணிகள் வைத்தால் தொய்வு 24-லிருந்து 12 மில்லிமீட்டராகக் குறையும். ஆனால் முன் பற்சக்கரம் ஒரு பல் தடிப்பாகவும் அடுத்தது மெலிதாகவும் மாறி மாறி வரும் வகையாக இருந்தால் அரைக் கண்ணியைப் பயன்படுத்த முடியாது. ஒற்றைப்படைச் சங்கிலியில் அந்த வரிசை ஒரு சுற்றிலேயே தடம் மாறி, தடித்த பல் குறுகிய கண்ணியில் ஏறி நிற்கும்.

பற்களை மிதிக்கும் சுமைக்கு ஏற்பவும் தேர்ந்தெடுக்க வேண்டும் அல்லவா? 26 அங்குலச் சக்கரத்துக்கு 32-க்கு 16 என்பது நெடுங்காலமாகப் பழகிய தொடக்கப் புள்ளி. 29 அங்குலச் சக்கரத்துக்கு 32-க்கு 18 கிட்டத்தட்ட அதே சுமையைத் தரும், 20 பல் வைத்தால் ஏற்றங்கள் இன்னும் இலகுவாகும். கண்மாய்க் கரைகளில் மட்டும் ஓட்டுபவர் இந்தத் தொடக்கப் புள்ளியிலேயே நிற்கலாம். அரிட்டாபட்டி, மேலூர்ப் பக்கத்துக் கருங்கல் கரடுகளின் ஓரமாக ஏறி இறங்குபவரும் சிறுமலைச் சாலையில் ஏற விரும்புபவரும் பின்னால் இரண்டு மூன்று பற்கள் கூட்டிக்கொள்வது முழங்காலுக்கு நல்லது. தேவையான சுமைக்கு அருகிலுள்ள இரண்டு மூன்று சேர்க்கைகளைக் கணக்கிட்டுப் பார்த்து, அவற்றுள் தொய்வு குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று வகைகள்

முதல் வகை நிலையானது. ஒரு சிறு கையின் முனையில் ஒரே உருளை இருக்கும். கையைத் தேவையான கோணத்தில் வைத்து போல்ட்டை இறுக்கிவிட்டால் அது அசையாது. இரண்டாவது வகையிலும் ஒரே உருளைதான், ஆனால் கை ஸ்பிரிங்கின் விசையில் சங்கிலியை அழுத்திக்கொண்டே இருக்கும். மூன்றாவது வகையில் டிரெய்லியரைப் போலவே இரண்டு உருளைகளுக்கு நடுவே சங்கிலி வளைந்து நெளிந்து போகும். ஷிமானோவின் ஆல்ஃபைன் வரிசையில் வரும் டென்ஷனர் இந்த வகையைச் சேர்ந்தது, அது ஹப்புக்குள்ளேயே கியர் வைத்த வண்டிகளுக்காகச் செய்யப்பட்டது என்றாலும் ஒற்றைக் கியருக்கும் நன்றாகப் பொருந்துகிறது.

ஒற்றை உருளை வகைகளில், உருளை சங்கிலியைக் கீழிருந்து மேலே தூக்குகிறதா, மேலிருந்து கீழே அழுத்துகிறதா என்பது வகையைவிட முக்கியமானது. மேலே தூக்கினால் பின் பற்சக்கரத்தைச் சங்கிலி அதிகம் சுற்றிக்கொள்ளும். கீழே அழுத்தினால் குறைவாகச் சுற்றும். மேற்கண்ட 32-க்கு 17 சேர்க்கையில் சங்கிலி இயல்பாக 8 பற்களைப் பற்றும். பின் பற்சக்கரத்திலிருந்து சுமார் 80 மில்லிமீட்டர் முன்னால் உருளை அமர்ந்தால், மேலே தூக்கும்போது அது 9 பற்களாகும், கீழே அழுத்தும்போது 7 பற்களுக்குச் சற்று மேல். செங்குத்தான பாறை ஏற்றத்தில், இருக்கையைவிட்டு எழுந்து முழு எடையையும் ஒரு பெடலில் இறக்கும்போது பல் தாவுமா தாவாதா என்பதை அந்த இரண்டு பற்களே தீர்மானித்துவிடக்கூடும். ஆகவே இடம் இருக்கும்வரை மேலே தூக்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். சர்லி நிறுவனத்தின் சிங்குலேட்டர் போன்ற சில டென்ஷனர்கள் இரு திசைக்கும் உரிய ஸ்பிரிங்குகளோடு வருகின்றன.

இடம் இருக்கிறதா என்பதைத் தொய்வுக் கணக்கே சொல்லிவிடும். உருளை அதே 80 மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தால், 5 மில்லிமீட்டர் தொய்வை எடுக்கச் சங்கிலியைச் சுமார் 26 மில்லிமீட்டர் தூக்கினால் போதும். 11 மில்லிமீட்டருக்கு 38 தேவை. 24 மில்லிமீட்டர் தொய்வுக்கு 56 மில்லிமீட்டர் தூக்க வேண்டும். அதற்குள் சங்கிலி, பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் அச்சை நோக்கி ஓடும் செயின்ஸ்டே குழாயிலேயே முட்டி உராயும். சங்கிலியின் இரு பகுதிகளுக்கும் நடுவேதான் அந்தக் குழாய் ஓடுகிறது என்பதை வாங்குவதற்கு முன் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வது நல்லது.

என் தீர்ப்பு இது. புதிய சங்கிலியில் தொய்வு 6 மில்லிமீட்டருக்குள் அடங்கினால் மேலே தூக்கும் நிலையான டென்ஷனரை வாங்குங்கள். அதில் ஸ்பிரிங் இல்லை, பாறையில் குதிக்கும்போது கை துள்ளுவதில்லை, சங்கிலி கழலும் வாய்ப்பும் மிகக் குறைவு. சங்கிலி தேயத் தேய அவ்வப்போது போல்ட்டைத் தளர்த்திக் கையை நகர்த்த வேண்டும் என்பதும், பஞ்சருக்காகச் சக்கரத்தைக் கழற்றும்போது சங்கிலி இறுக்கமாக இருந்தால் அதையே செய்ய வேண்டும் என்பதும் அதன் குறைகள்; அல்லன் சாவி ஒன்றைப் பையில் வைத்திருந்தால் அவை பெரிய தொல்லைகள் அல்ல. தொய்வு 6-க்கும் 12-க்கும் இடையில் இருந்தால் ஸ்பிரிங் வகை ஏற்றது. தேய்மானத்தை அது தானே ஈடுசெய்யும், சக்கரம் கழற்றும்போது கையால் தள்ளினால் போதும். அதற்கும் மேல் போனால் பற்களின் சேர்க்கையை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் மட்டும் இரட்டை உருளை வகைக்குச் செல்லுங்கள்.

பின்புறமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகள் இந்த வரையறைக்குள் வாரா. சக்கரம் மேலே எழும்போது பாட்டம் பிராக்கெட்டுக்கும் அச்சுக்கும் இடையிலான தூரம் மாறுவதால், சங்கிலியின் தேவையான நீளமும் ஒவ்வொரு குலுக்கலிலும் மாறும். அவற்றுக்கு இரட்டை உருளை ஸ்பிரிங் வகை மட்டுமே. ஷாக்கின் காற்றை இறக்கி, சக்கரத்தைக் கடைசிவரை மேலே தூக்கிப் பார்த்து, அந்த நிலையிலும் சங்கிலி இறுகிப்போகவில்லை என்று உறுதிசெய்துகொண்டே நீளத்தை வெட்ட வேண்டும்.

பழைய டிரெய்லியரையே டென்ஷனராக்குவது எல்லாரும் கேட்கும் வழி. செலவில்லாதது, முயன்று பார்க்கத் தக்கதும்கூட. குட்டையான கை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கேபிள் இல்லாதபோது அதன் ஸ்பிரிங் உருளைகளை வெளிப்புறக் கடைசிக்குத் தள்ளிவிடும். வெளி எல்லைத் திருகை முறுக்கி உள்ளே கொண்டுவரலாம் என்றாலும், பற்சக்கரம் நடுவில் இருந்தால் அந்தத் திருகு எட்டாது. அப்போது தலையுள்ள ஒரு துண்டுக் கேபிளை டிரெய்லியரில் உள்ள கேபிள் அட்ஜஸ்டர் வழியாக நுழைத்து, தேவையான இடத்தில் உருளைகளை நிறுத்தி, கேபிள் போல்ட்டை இறுக்கிவிடுங்கள். நுண்ணிய திருத்தத்தை அட்ஜஸ்டரால் செய்துகொள்ளலாம். ஆயினும் ஸ்பிரிங் தளர்ந்துபோன டிரெய்லியர் பாறைத் தடத்தில் சங்கிலியை ஆடவிடும். கருவேலக் கிளைக்கு எட்டும் உயரத்தில் தொங்கும் அந்தக் கையும் மறுபடி வந்துவிடுகிறது. சமதளத்துக்கு இது சரி, கரட்டுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஹேங்கரும் சங்கிலிக் கோடும்

டென்ஷனர்கள் பெரும்பாலும் டிரெய்லியர் இருந்த அதே ஹேங்கர் துளையில்தான் திருகப்படுகின்றன. துளையின் மரை 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டது. டிரெய்லியர் அடிபட்டதால்தான் ஒற்றைக் கியருக்கு மாறுகிறீர்கள் என்றால், ஹேங்கர் வளைந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த ஹேங்கரில் எவ்வளவு நல்ல டென்ஷனரை மாட்டினாலும் உருளை சாய்ந்தே நிற்கும், சங்கிலி அதன் ஓரத்தில் ஏறும். சிறப்புக் கருவி இல்லாமலேயே சோதிக்க ஒரு வழி உண்டு: கியர் வண்டிகளின் குவிக் ரிலீஸ் பின் அச்சுக்கும் இதே மரைதான். வேறொரு கியர் வண்டியின் பின்சக்கரத்தைக் கொண்டுவந்து, அதன் அச்சு முனையை ஹேங்கர் துளையில் மென்மையாகத் திருகிப் பாருங்கள். இரண்டு சக்கரங்களின் ரிம்களுக்கும் இடையிலான தூரம் சுற்றிலும் சமமாக இருந்தால் ஹேங்கர் நேராக இருக்கிறது. இல்லையென்றால் அந்தச் சக்கரத்தையே நெம்புகோலாகக் கொண்டு மெல்ல நேராக்கலாம். கழற்றி மாற்றக்கூடிய அலுமினிய ஹேங்கர் அதிகம் வளைந்திருந்தால் புதிதாக மாற்றிவிடுவதே பாதுகாப்பு. பழைய கறுப்பு சைக்கிளின் அச்சை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். மரை வேறுபட்டால் துளை கெடும்.

டென்ஷனரின் உடலில் உள்ள சிறு நாக்கு, ஹேங்கரின் பின்புற விளிம்பில் முட்டி நின்றால்தான் அது சுழன்றுவிடாது. வாங்குமுன் உங்கள் ஹேங்கரில் அத்தகைய விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். புதிய மலை மிதிவண்டிகள் சிலவற்றில் ஹேங்கரின் வடிவம் மாறியிருப்பதால் பழைய டென்ஷனர்கள் சரியாக முட்டுவதில்லை.

அடுத்தது சங்கிலிக் கோடு. முன் பற்சக்கரமும் பின் பற்சக்கரமும் ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகலைப் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டைத் தாண்டக்கூடாது. முன்னால், இருக்கைக் குழாயின் பக்கத்திலிருந்து பல்லின் நடுவரை அளந்து, குழாயின் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள். பின்னால், பிளவுகளுக்கு இடையிலான அகலத்தில் பாதியிலிருந்து (135 மில்லிமீட்டர் என்றால் 67.5), வலப்புறப் பிளவின் உட்பக்கத்துக்கும் பல்லின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். சங்கிலிக் கோடு கோணலாக இருந்தால் டென்ஷனரைக் குறைசொல்லிப் பயனில்லை. எந்த டென்ஷனரிலும் அது கழலும்.

கேசட் (பல பற்சக்கரத் தட்டுகள் அடுக்கிய பின் தொகுதி) பொருந்தும் ஹப்பில் இதைச் சரிசெய்வது எளிது. பழைய கேசட்டைப் பிரித்தால் தட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்பேசர் வளையங்கள் கிடைக்கும். அவற்றைப் பற்சக்கரத்துக்கு இருபுறமும் மாற்றி அடுக்கினால் கோடு நேராகிவிடும். ஆனால் அந்தக் கேசட்டிலிருந்தே ஒரு பல் தட்டை எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். கியர் மாறுவதற்காகவே அதன் பற்கள் குட்டையாகவும் சரிவாகவும் வெட்டப்பட்டிருக்கும். ஒற்றைக் கியரில் சங்கிலி அவற்றின் மேல் தாவும். உயரமான முழுப் பற்களும், ஹப்பில் அமரும் இடத்தில் தடித்த அடிப்பாகமும் கொண்ட தனிப் பற்சக்கரமே வேண்டும். மெலிந்த தட்டு அலுமினிய ஹப்பின் பள்ளங்களைக் கடித்துவிடும்.

விலை குறைந்த கியர் வண்டிகளில் கேசட்டுக்குப் பதிலாகத் திருகி ஏற்றும் ஃப்ரீவீல் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஒற்றை ஃப்ரீவீலைத் திருகினால் அது ஸ்போக்குகளை ஒட்டி மிகவும் உள்ளே அமரும். அச்சின் வலப்புற ஸ்பேசர்களில் சிலவற்றை இடப்புறம் மாற்றி, பிறகு ஸ்போக்குகளைத் திருகி ரிம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அனுபவமுள்ள சைக்கிள் கடைக்காரர் இதைச் செய்துதருவார். இருபுற ஸ்போக்குகளின் சாய்வும் ஏறக்குறைய சமமாவதால் சக்கரமும் முன்பைவிட உறுதியாகும். ஸ்பேசர் அளவு கிடைக்காவிட்டால் அருகிலுள்ள லேத் பட்டறையில் தேவையான தடிமனைச் சொல்லிக் கடைந்து வாங்கிக்கொள்ளலாம்.

சங்கிலியின் அகலத்தையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். சாதாரண சைக்கிள் சங்கிலியின் உள் அகலம் 1/8 அங்குலம், கியர் வண்டிச் சங்கிலியுடையது 3/32 அங்குலம். இரட்டை உருளை டென்ஷனர்களின் பக்கத் தகடுகளுக்கு நடுவில் அகலமான சங்கிலி உராயக்கூடும். அவற்றோடு 3/32 சங்கிலியே பாதுகாப்பானது. ஒற்றை உருளை வகைகளில் உருளையின் அகலத்தைப் பார்த்து எதையும் பயன்படுத்தலாம், இரு பற்சக்கரங்களும் அந்தச் சங்கிலிக்கு ஏற்றவையாக இருக்கும்வரை.

பொருத்துதல்

ஹேங்கர் துளையைத் துணியால் துடைத்து, மரையில் சிறிது கிரீஸ் தடவுங்கள். போல்ட்டை முதலில் கையாலேயே பல சுற்றுகள் திருகி, கோணலின்றி ஏறுகிறதா என்று உறுதிசெய்த பிறகே சாவியைப் பயன்படுத்துங்கள். இறுக்கத்துக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினிய மரை அதற்கு மேல் நெடுநாள் தாங்காது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்னாலிருந்து பார்த்து, உருளை பற்சக்கரத்தின் நேர்க்கோட்டில் நிற்கும்படி அதன் வளையங்களைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள்.

நிலையான டென்ஷனரில் விறைப்பை வைக்கும் முன் பெடலை மெல்ல ஒரு முழுச் சுற்று சுழற்றிப் பாருங்கள். முன் பற்சக்கரம் மையத்தில் துல்லியமாக அமர்ந்திருப்பது அரிது. ஒரு நிலையில் சங்கிலி இறுகும், எதிர் நிலையில் தளரும். பற்சக்கரத்தின் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, இறுகும் பக்கத்தை மரக்கட்டையால் தட்டி, மீண்டும் இறுக்கினால் இந்த வித்தியாசம் பெருமளவு குறையும். பிறகு, மிக இறுக்கமான நிலையிலும் சங்கிலியின் நடுவில் விரலால் மேலும் கீழும் மொத்தம் 12 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும்படி கையை நிறுத்துங்கள். முற்றிலும் ஆட்டமில்லாமல் இறுக்கினால் ஹப்பின் பேரிங்கும் பாட்டம் பிராக்கெட்டும் தேவையற்ற சுமையில் தேயும். ஸ்பிரிங் வகையில், சங்கிலியைத் தூக்கி நிறுத்தப் போதுமான விசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடுதல் விசை உருளையைத்தான் தின்னும்.

இருக்கையைவிட்டு எழுந்து, பிரேக்கைப் பாதி பிடித்தபடி பெடலை அழுத்தி மிதித்துப் பாருங்கள். பல் தாவும் ஓசை கேட்டால், தடத்துக்குப் போகுமுன் சங்கிலிக் கோட்டையும் பற்களின் தேய்மானத்தையும் மறுபடி பாருங்கள். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை சோதிப்பதும் அவசியம்.

புழுதியும் சேறும்

நம் பகுதியில் உருளையின் ஆயுளைத் தீர்மானிப்பவை புழுதியும் கரிசல் சேறும்தான். மூடிய பேரிங் உள்ள உருளையை வாங்குவது நல்லது; வெறும் உலோகக் குழல் மேல் சுழலும் உருளைக்குள் செம்மண் புகுந்தால் விரைவில் ஆட்டம் கண்டுவிடும். கழிவு எஞ்சின் ஆயிலைச் சங்கிலிக்கு ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் ஒட்டும் மண் அரைக்கும் பசையாக மாறி, சங்கிலியையும் பல்லையும் உருளையையும் ஒருசேரத் தேய்க்கும். மெல்லிய சங்கிலி எண்ணெயை ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு துளி விட்டு, வெளியே வழிந்ததை முழுவதும் துடைத்துவிட்டால் கோடையில் புழுதி ஒட்டுவது வெகுவாகக் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டுப் பாதைகளில் ஓட்டுபவர்கள், உருளைக்கும் செயின்ஸ்டேக்கும் நடுவே ஒரு விரலாவது நுழையும் இடைவெளி இருக்கும்படி டென்ஷனரை அமைத்துக்கொள்ள வேண்டும். அப்பிக்கொள்ளும் சேறு அந்த இடைவெளியை அடைத்தால் உருளை சுழலாமல் நின்று, சங்கிலி அதன் மேல் அறுத்துக்கொண்டு ஓடும்.

தேய்மானத்தை அளக்க ஓர் எஃகு அளவுகோல் போதும். 24 கண்ணிகள் புதிதில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். சங்கிலியை இழுத்துப் பிடித்து அளக்கும்போது அது 306.3-ஐ எட்டினால் அரை விழுக்காடு நீண்டுவிட்டது, மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். புதிய சங்கிலியை மாட்டும் முன் நிலையான டென்ஷனரின் போல்ட்டைத் தளர்த்தி, கையைப் பழைய தொடக்க நிலைக்கு இறக்கிவிடுங்கள். தேய்ந்த சங்கிலிக்காக உயர்த்தி வைத்த நிலையிலேயே புதியதை இணைக்க முயன்றால் இணைப்பு எட்டாது, எட்டினாலும் பேரிங்குகள் பிடித்துக்கொள்ளும். புதிய சங்கிலி பழைய பின் பற்சக்கரத்தில் தாவினால் பற்சக்கரத்தையும் சேர்த்து மாற்றிவிட்டு, தொய்வை மறுபடி அளந்து கையை நிறுத்துங்கள்.